வாத்தியக்காரர், ராணுவ வீரர், குடும்பஸ்தர்: டெக்சாஸ் செக் மக்களின் ஒரு தலைமுறை

அமெரிக்காவின் டெக்சாஸில் ஹூஸ்டன், சான் அன்டோனியோ, ஆஸ்டின் ஆகிய மூன்று பெருநகரங்களுக்கும் நடுவில் ஃபேயெட், லவாக்கா என்று இரண்டு மாவட்டங்கள் இருக்கின்றன. செக் நாட்டிலிருந்து வந்து குடியேறியவர்களின் வம்சத்தார் நிறைந்த அந்தப் பக்கத்துச் சிற்றூர்களில் வெளிவரும் இரங்கல் குறிப்புகளைத் தொடர்ந்து படித்தால் ஒரே மனிதரைப் பற்றித்தான் திரும்பத் திரும்ப எழுதுகிறார்களோ என்று தோன்றும். பருத்திப் பண்ணையில் பிறந்தவர், பள்ளிக்கூடம் போகும்வரை வீட்டில் செக் மொழி மட்டுமே கேட்டு வளர்ந்தவர், பத்துப் பன்னிரண்டு வயதில் அப்பாவோ மாமாவோ கையில் கொடுத்த அக்கார்டியனையோ சாக்ஸபோனையோ பிடித்துக்கொண்டவர், ராணுவத்தில் இருந்துவிட்டு ஊர் திரும்பியவர், அடுத்த கிராமத்துப் பெண்ணைக் கல்யாணம் செய்துகொண்டு பிள்ளைகளும் பேரப்பிள்ளைகளும் கண்டவர், இதற்கிடையில் நாற்பது ஐம்பது வருஷம் வாரம் தவறாமல் போல்கா என்ற ஜோடி நடனத்துக்கான இசையை ஒரு பாண்டில் வாசித்தவர்.

வாத்தியக்காரர், முன்னாள் ராணுவ வீரர், குடும்பஸ்தர். இந்த மூன்றும் ஏன் இப்படி ஒரே ஆளிடம் வந்து சேர்ந்தன? தற்செயல் என்று சொல்லி விட்டுவிட முடியாது, ஏனென்றால் இது நூற்றுக்கணக்கான குடும்பங்களில் நடந்திருக்கிறது. அந்த மக்கள் அங்கே எப்படி வந்தார்கள், எதைக் கட்டினார்கள், போர் அவர்களை என்ன செய்தது என்று பார்த்தால் மூன்றும் ஒரே வேரிலிருந்து வந்தவை என்பது புரியும்.

கதை ஒரு பாதிரியாரின் கடிதங்களில் தொடங்குகிறது. யோசெஃப் பெர்க்மன் என்ற புராட்டஸ்டன்ட் போதகர் 1850 வாக்கில் டெக்சாஸின் கேட் ஸ்பிரிங் என்ற ஊரில் குடியேறினார். நிலம் கிடைக்கிறது, யாரும் மதத்தைக் கேட்டுத் துன்புறுத்துவதில்லை என்று அவர் ஊருக்கு எழுதிய கடிதங்கள் இன்றைய செக் நாட்டின் மேற்குப் பகுதியான போஹீமியாவில் கைமாறிக் கைமாறிப் படிக்கப்பட்டன. 1851இன் கடைசியில் எழுபதுக்கும் மேற்பட்டவர்கள் ஒரு குழுவாகக் கிளம்பினார்கள். லிவர்பூல், நியூ ஆர்லியன்ஸ் வழியாக கால்வெஸ்டன் துறைமுகம் போய்ச் சேர்வதற்குள்ளும் சேர்ந்த கொஞ்ச நாளிலும் ஏறக்குறைய பாதிப் பேர் நோயில் இறந்துபோனார்கள். அப்படியும் ஆட்கள் வருவது நிற்கவில்லை. பிறகு வந்தவர்களில் பெரும்பாலோர் கிழக்குப் பகுதியான மொராவியாவின் மலையடிவாரக் கிராமங்களைச் சேர்ந்த கத்தோலிக்கர்கள். 1910 வாக்கில் செக் நாட்டிலேயே பிறந்து டெக்சாஸில் வாழ்ந்தவர்கள் மட்டும் சுமார் 15,000 பேர். அவர்களின் பிள்ளைகளைச் சேர்த்தால் எண்ணிக்கை இன்னும் பல மடங்கு.

அவர்கள் ஊரை விட்டதற்கு நிலப்பசி முதல் காரணம். இன்னொரு காரணம் அப்போது அந்தப் பகுதிகளை ஆண்ட ஆஸ்திரியப் பேரரசின் கட்டாய ராணுவச் சேவை. வேற்று மொழி பேசும் அதிகாரிகளின் கீழ் இளமையின் பல வருஷங்களைக் கொடுத்துவிட்டு வருவது எந்தக் குடும்பத்துக்கும் பிடித்த விஷயமாக இல்லை. அமெரிக்க உள்நாட்டுப் போர் வந்தபோதும் டெக்சாஸ் செக் மக்களில் பலர் தென்மாநிலங்களின் படையில் சேராமல் காட்டில் ஒளிந்தார்கள்; சிலர் மெக்சிகோ எல்லைக்குப் பருத்தி வண்டி ஓட்டும் வேலையை எடுத்துக்கொண்டு படையிலிருந்து தப்பித்தார்கள். அதாவது, ராணுவத்துக்குப் பயந்து ஓடிவந்தவர்களின் கொள்ளுப்பேரன்கள்தான் பின்னால் கல்லறையில் ராணுவப் பதவியைப் பொறித்துக்கொள்ளும் அளவுக்கு அதைப் பெருமையாக நினைத்தவர்கள். இந்த மாற்றம் எப்படி வந்தது என்பதற்குப் பின்னால் வருகிறேன்.

ஆனால் அதே ஆஸ்திரிய ராணுவம்தான் அவர்களுக்கு வாத்தியத்தையும் கொடுத்தது. பேரரசின் ராணுவ பாண்டுகளில் செக் ஆட்கள் நிறைய இருந்தார்கள். கிராமத்துப் பையன் படையில் கிளாரினெட்டும் டிரம்பெட்டும் டியூபாவும் கற்றுக்கொண்டு வருவான், சேவை முடிந்ததும் ஊரில் ஒரு பித்தளை பாண்டு தொடங்குவான், அவனிடம் அவன் பிள்ளைகள் கற்றுக்கொள்வார்கள். இதற்கு எனக்குத் தெரிந்த நல்ல உதாரணம் அமெரிக்காவில் இல்லை, செக் தலைநகர் ப்ராகுக்குப் பக்கத்தில் ஸ்ப்ராஸ்லாவ் என்ற ஊரில் இருக்கிறது. 1902இல் பிறந்த யாரோமிர் வெய்வோடா அப்பா நடத்திய பாண்டில் கற்றுக்கொண்டார், ராணுவ பாண்டில் வாசித்தார், பிறகு மாமனாரின் மதுக்கடையில் வேலை பார்த்துக்கொண்டே மெட்டுப் போட்டார். 1927இல் அவர் போட்ட ஒரு போல்கா மெட்டுதான் 1939இல் அமெரிக்காவையே ஆட வைத்த பீர் பேரல் போல்கா. அப்பாவின் பாண்டு, ராணுவ பாண்டு, மாமனார் கடை என்று அந்த ஒரே மனிதரின் வாழ்க்கையில் நாம் பேசும் மூன்றும் இருக்கின்றன. டெக்சாஸுக்குக் கப்பலேறியவர்கள் இந்தப் பழக்கத்தைத்தான் மூட்டையோடு கொண்டுவந்தார்கள்.

அங்கே முதலில் பெயர் பெற்றது பாச்சா குடும்பம். ஃபேயெட்வில் ஊரில் ஃபிராங்க் பாச்சா 1892இல் பாண்டு தொடங்கினார். வெளியே ஆள் தேடவே இல்லை, அவருடைய பிள்ளைகளே போதுமான அளவுக்கு இருந்தார்கள். 1907இல் அவர் இறந்ததும் மூத்த மகன் ஜோ ஏற்றார், 1920இல் ஜோவும் போய்விட அவர் தம்பி ஜான் ஏற்றார். பித்தளை வாத்தியங்களோடு, சிறு சுத்திகளால் கம்பிகளைத் தட்டி வாசிக்கும் சிம்பலும் அவர்கள் பாண்டில் ஒலித்தது. மற்ற பாண்டுகளிலிருந்து அவர்களைப் பிரித்துக் காட்டியது அதுதான். 1920களின் கடைசியில் இசைத்தட்டு நிறுவனங்கள் டெக்சாஸில் ஆள் தேடியபோது பாச்சா பாண்டின் வாசிப்பும் தட்டில் ஏறியது.

பாண்டு குடும்பத்துக்குள்ளேயே இருந்ததற்குப் பாசம் மட்டும் காரணமில்லை. பருத்தி வேலைக்கு நிறையக் கைகள் வேண்டும் என்பதால் குடும்பங்கள் பெரியவை. ஒத்திகை என்றால் சாப்பாடு முடிந்த பிறகு அதே அறையில் நடக்கும், யாரையும் ஐந்து மைல் தூரத்திலிருந்து கூப்பிட வேண்டாம். கிடைக்கும் கூலியும் வீட்டுக்குள்ளேயே தங்கும். ஒரு வாத்தியம் வாங்குவது அந்தக் காலத்தில் பெரிய செலவு, அதை அப்பாவுக்குப் பிறகு மகன் வாசித்தால்தான் கணக்கு சரியாக வரும். ஆகவே "நல்ல அப்பா" என்பதும் "நல்ல வாத்தியக்காரர்" என்பதும் அங்கே தனித்தனிப் பாராட்டாக இருக்கவில்லை. பிள்ளைக்கு வாசிக்கக் கற்றுக்கொடுப்பது அப்பாவின் வேலைகளில் ஒன்று.

சரி, எங்கே வாசித்தார்கள்? இந்தக் கேள்விதான் என்னைப் பொறுத்தவரை மிக முக்கியமானது, ஏனென்றால் பாண்டுகளைப் பற்றி எழுதுபவர்கள் பலரும் அந்த மண்டபங்களை யார், எதற்காகக் கட்டினார்கள் என்பதைத் தாண்டிப் போய்விடுகிறார்கள். நடன மண்டபங்களில் பலவற்றைக் கட்டியவை காப்புறுதிச் சங்கங்கள். குடும்பத்தலைவன் இறந்தால் மனைவி மக்கள் நடுத்தெருவில் நிற்கக்கூடாது என்பதற்காக, ஆளுக்குக் கொஞ்சம் சந்தா போட்டு, சாவு நேர்ந்தால் குடும்பத்துக்கு ஒரு தொகை கொடுக்கும் சங்கங்கள் அவை. 1889இல் கத்தோலிக்கர்கள் கே.ஜே.டி. என்ற சங்கத்தை அமைத்தார்கள். வடமாநிலங்களில் இயங்கிய பழைய செக் சங்கத்தில் சேர்ந்திருந்த டெக்சாஸ்காரர்கள், சந்தாவை வயதுக்கு ஏற்றபடி வாங்காமல் எல்லோரிடமும் ஒரே மாதிரி வாங்கியதால் இளைஞர்கள் நிறைந்த தங்கள் கிளைகளுக்கு நஷ்டம் என்று பிரிந்துவந்து, 1897இல் லா கிரேஞ்ச் ஊரில் எஸ்.பி.ஜே.எஸ்.டி. என்ற தங்கள் சொந்தச் சங்கத்தைத் தொடங்கினார்கள். கிளைக்குக் கூட்டம் நடத்த இடம் வேண்டும். கட்டிய மண்டபத்தைப் பராமரிக்கப் பணம் வேண்டும். சனிக்கிழமை நடனம் வைத்தால் பணம் வரும். நடனத்துக்கு பாண்டு வேண்டும்.

இப்படித்தான் சாவுக்காகச் சேர்த்த சந்தா நடன மண்டபமாக மாறியது. அந்த மண்டபத்துக்கு மொத்தக் குடும்பமும் வந்தது. பாட்டிகள் சுவரோரப் பெஞ்சுகளில் உட்கார்ந்திருப்பார்கள், சின்னப் பிள்ளைகளைப் போர்வை விரித்துப் பெஞ்சுக்கு அடியிலேயே தூங்கவைத்துவிட்டு அம்மா அப்பா ஆடப்போவார்கள், ஏழெட்டு வயதானவர்கள் பெரியவர்களின் கால்களைப் பார்த்துப் பார்த்து நடுத்தளத்திலேயே போல்காவும் வால்ட்ஸும் கற்றுக்கொள்வார்கள். கல்யாணம் அங்கேதான், மணமக்கள் முன்னால் செல்ல ஜோடி ஜோடியாக எல்லோரும் அணிவகுத்துச் சுற்றிவரும் கிராண்ட் மார்ச் அங்கேதான். வயதுவந்த ஆணும் பெண்ணும் ஊரார் கண்முன்னால் சந்தித்துக்கொள்ள அதைவிட நல்ல இடம் கிடையாது. மேடையில் வாசித்தவர்களில் பலர் தங்கள் மனைவியை முதலில் பார்த்ததே கீழே ஆடுகிறவர்கள் நடுவில்தான்.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். அந்த மண்டபங்களின் கதவு எல்லோருக்கும் திறந்திருக்கவில்லை. இனப் பாகுபாட்டுச் சட்டங்கள் இருந்த பல பத்தாண்டுகளுக்கு, பக்கத்துப் பருத்திக் காட்டில் வேலை செய்த கறுப்பினத்தவர்களும் மெக்சிகோ வம்சாவளியினரும் அங்கே ஆட வர முடியாது. இசை மட்டும் அந்த வேலியை மதிக்கவில்லை: தென் டெக்சாஸின் மெக்சிகோ வம்சாவளி அக்கார்டியன்காரர்கள் செக், ஜெர்மன் மக்களிடமிருந்து போல்காவை எடுத்துத் தங்கள் இசையின் அடித்தளமாகவே ஆக்கிக்கொண்டார்கள், ஷைனர் ஊரின் பாடெக் பாண்டு மெக்சிகோ பாணி மெட்டுகளைத் தன் கச்சேரியில் சேர்த்துக்கொண்டது. மெட்டுகள் போய்வந்த அளவுக்கு மனிதர்கள் போய்வர முடியவில்லை என்பது வருத்தமான விஷயம், இந்த வரலாற்றை இனிப்பாக மட்டும் சொல்லிவிட்டுப் போவதில் எனக்கு உடன்பாடில்லை.

இப்போது போருக்கு வருவோம்.

முதல் உலகப்போரின்போதே மாற்றம் தொடங்கிவிட்டது. 1918இல் டெக்சாஸ் பள்ளிகளில் ஆங்கிலத்தில் மட்டுமே கற்பிக்க வேண்டும் என்று சட்டம் வந்தது. அதே வருஷம் செக்கோஸ்லோவாக்கியா தனி நாடாக உருவானது, அதற்கு அமெரிக்காவின் ஆதரவு பெரிய காரணம். அதுவரை "ஆஸ்திரியர்கள்" என்று பதிவேட்டில் எழுதப்பட்டவர்களுக்கு, அமெரிக்கச் சீருடை என்பது தாத்தாவின் ஊருக்கும் நன்மை செய்யும் சீருடை என்று ஆனது. பேரரசனுக்காகப் படையில் நிற்பது வேறு, இது வேறு. அப்புறம் 1939இல் ஹிட்லரின் படை ப்ராகுக்குள் நுழைந்தது, 1942 ஜூனில் லிடிட்செ என்ற செக் கிராமத்தின் ஆண்களைச் சுட்டுக்கொன்று ஊரையே தரைமட்டமாக்கினார்கள். டெக்சாஸ் பண்ணைகளில் செக் செய்தித்தாள் படித்துக்கொண்டிருந்த குடும்பங்களுக்கு இது தூரத்து நாட்டுச் செய்தி இல்லை.

ஃபேயெட் மாவட்டத்தில் பிராஹா என்று ஒரு குக்கிராமம், ப்ராகின் பெயரையே வைத்துக்கொண்ட ஊர். 1895இல் கட்டிய, உட்கூரை முழுவதும் வண்ணம் தீட்டிய பெரிய தேவாலயத்தைச் சுற்றி ஒரு சில வீடுகள், அவ்வளவுதான். அந்தச் சின்னத் தேவாலயப் பங்கிலிருந்து போன பையன்களில் ஒன்பது பேர் இரண்டாம் உலகப்போரில் இறந்தார்கள், அதுவும் 1944, 1945இல் ஏறக்குறைய ஒரே வருஷ இடைவெளிக்குள். தேவாலயத்துக்குப் பின்னாலுள்ள கல்லறைத் தோட்டத்தில் அவர்களுக்காக நினைவிடம் இருக்கிறது, ஒவ்வொரு நவம்பரிலும் முன்னாள் படைவீரர் நாளையொட்டி அங்கே வழிபாடு நடக்கிறது. அவ்வளவு சிறிய இடத்தில் ஒன்பது பேர் என்றால், நெருங்கிய உறவிலோ பக்கத்துப் பண்ணையிலோ ஒருவரை இழக்காத வீடே இருந்திருக்காது. உயிரோடு திரும்பியவர்கள் போரைப் பற்றி அதிகம் பேசாததற்கும், ஆனால் அந்த அடையாளத்தை மட்டும் கடைசிவரை விடாததற்கும் காரணம் இங்கேதான் இருக்கிறது என்று நினைக்கிறேன். திரும்பிவராத ஒன்பது பேரும் அதே மண்டபங்களில் ஆடியவர்கள், அதே பாண்டுகளைக் கேட்டு வளர்ந்தவர்கள்.

ஊரிலும் பாண்டுகள் தடுமாறின. வாசிக்கிற வயதுப் பையன்கள் படைக்குப் போய்விட்டார்கள், பெட்ரோலுக்கும் டயருக்கும் ரேஷன் வந்ததால் முப்பது மைல் தள்ளி நடக்கும் நடனத்துக்குப் போக முடியவில்லை, இசைத்தட்டு செய்யும் அரக்கு கிடைக்கவில்லை, போதாக்குறைக்கு 1942 முதல் 1944 வரை வாத்தியக்காரர்களின் தொழிற்சங்கம் ஒலிப்பதிவு வேலைநிறுத்தம் நடத்தியது. மௌல்டன் ஊரில் 1916இல் செக், ஜெர்மன் வம்சாவளியில் பிறந்த அடால்ஃப் ஹாஃப்னர் அப்போது டெக்சாஸ் ஸ்விங் (ஜாஸும் கவ்பாய் இசையும் கலந்த நடன இசை) பாடகராகப் பெயர் வாங்கிக்கொண்டிருந்தார். அந்த நேரத்தில் அடால்ஃப் என்ற பெயரை வைத்துக்கொண்டு மேடையேற முடியுமா? டால்ஃப் என்று சுருக்கிக்கொண்டார். வீட்டில் செக் பேசி வளர்ந்த அவர் செக் பாட்டுகளையும் கவ்பாய் பாட்டுகளையும் ஒரே பாண்டை வைத்துக்கொண்டு பாடியவர், அவர் தம்பி எமில் ஸ்டீல் கிட்டார் வாசித்தார். மறுபடியும் குடும்பம்தான்.

ஐரோப்பாவில் போர் முடியும் நேரத்தில், 1945 மே 6 அன்று அமெரிக்கப் படை மேற்கு போஹீமியாவின் பில்சென் நகரத்தை விடுவித்தது. அதில் பங்கெடுத்த இரண்டாம் காலாட்படைப் பிரிவு போருக்கு முன்னால் பல வருஷம் சான் அன்டோனியோவில் தங்கியிருந்த பிரிவு. அமெரிக்காவிலிருந்து போன செக் வம்சாவளி வீரர்கள் அங்கே மொழிபெயர்ப்பாளர்களாகப் பயன்பட்டார்கள். அமெரிக்கச் சீருடையில் வந்த பையன் தாத்தா காலத்துச் செக் மொழியில் பேசுவதைக் கேட்ட அந்த ஊர்க்காரர்கள் என்ன நினைத்திருப்பார்கள்! ஆனால் 1948இல் கம்யூனிஸ்ட் ஆட்சி வந்ததும் பில்செனை விடுவித்தது அமெரிக்கர்கள் என்பதையே வெளியில் சொல்லவிடாமல் செய்தார்கள். நாற்பது வருஷம் கழித்து ஆட்சி மாறிய பிறகு, 1990 மே மாதத்தில்தான் அங்கே வெளிப்படையாக விழா எடுக்க முடிந்தது. வயதான வீரர்கள் பலர் அதற்காகத் திரும்பவும் போனார்கள்.

இதற்கு அடுத்த தலைமுறைக்கும் ராணுவம் தவறவில்லை. 1973 வரை அமெரிக்காவில் கட்டாய ஆள்சேர்ப்பு தொடர்ந்ததால், 1930களில் பிறந்த பண்ணைப் பையன்கள் பலருக்கு இரண்டு வருஷச் சீருடை உறுதி. சிலர் கொரியாவுக்குப் போனார்கள், சிலர் மேற்கு ஜெர்மனிக்கு. பவேரியாவில் அமெரிக்கப் படை காவல் காத்த எல்லைக்கு அந்தப் பக்கம் இருந்தது செக்கோஸ்லோவாக்கியா. தாத்தா பிறந்த நாட்டைத் தொலைநோக்கியில் பார்க்கலாம், உள்ளே காலெடுத்து வைக்க முடியாது.

ராணுவம் இசைக்குச் செய்தது என்ன என்று கேட்டால், நிறையச் செய்தது. செக் பண்ணைப் பையன் முதல்முறையாக மற்ற மாநிலத்து ஆட்களோடு ஒரே கொட்டகையில் தூங்கினான், ஸ்விங் கேட்டான், நாட்டுப்புற மேற்கத்திய இசை கேட்டான், ஆங்கிலம் சரளமாக வந்தது. பழைய பித்தளை பாண்டுகள் சுருங்கி, அக்கார்டியன், சாக்ஸபோன், டிரம்ஸ், கிட்டார் கொண்ட நடன பாண்டுகளாக மாறும் போக்கு போருக்கு முன்பே தொடங்கியிருந்தாலும், போருக்குப் பிறகு வேகமெடுத்தது. ஒரே இரவில் போல்கா, வால்ட்ஸ், ஷாட்டிஷ், நடுவில் இரண்டு கவ்பாய் பாட்டு என்று கலந்து வாசிக்கும் பழக்கம் பரவியது. அதோடு புது மண்டபங்களும் வந்தன. திரும்பிவந்த வீரர்கள் அமெரிக்கன் லீஜன், வி.எஃப்.டபிள்யூ போன்ற முன்னாள் படைவீரர் சங்கங்களுக்கு ஊர் ஊராகக் கூடம் கட்டினார்கள், அங்கேயும் சனிக்கிழமை நடனம் தேவைப்பட்டது. முன்னாள் ராணுவ வீரர் அந்தக் கூடத்தின் உறுப்பினர், அங்கே வாசிக்கும் பாண்டின் ஆள், சமையலறையில் சாசேஜ் பரிமாறும் பெண்ணின் கணவர். மூன்று அடையாளங்களும் ஒரே கூரையின் கீழ் சந்தித்துக்கொண்டது இப்படித்தான்.

போருக்குப் பிந்தைய இருபத்தைந்து வருஷமும் இந்த இசைக்குப் பொற்காலம். ஜோ பாடெக் (1907–1987) அதன் நாயகர்களில் ஒருவர். அப்பா ஜான் பாடெக் மகன்களை வைத்து நடத்திய பாண்டை ஏற்று டெக்சாஸ் முழுக்கக் கேட்கும்படி செய்தார். ப்ராகை விட்டுப் பிரியும் ஒரு பழைய செக் பாட்டை ஷைனர் ஊரின் பாட்டாக மாற்றி அவர்கள் பாட, அது ஊருக்கே தேசிய கீதம் மாதிரி ஆகிவிட்டது. ஆனால் பாடெக் குடும்பத்தை ஷைனரில் தெரிந்துகொள்ள இன்னொரு வழியும் இருந்தது, அவர்களின் இறைச்சிக்கடை. புகையிட்ட சாசேஜுக்குப் பெயர்போன கடை. 

இதை நான் அழுத்திச் சொல்வதற்குக் காரணம் இருக்கிறது. இந்தப் பாண்டுக்காரர்களில் பெரும்பாலோர் வாரநாளில் வேறு வேலை பார்த்தவர்கள்: விவசாயம், பருத்தி அரவை ஆலை, தபால் விநியோகம், தச்சு வேலை, கடை. "முழுநேரக் கலைஞர் இல்லை, பொழுதுபோக்காக வாசித்தவர்" என்று அவர்களை இரண்டாம் வரிசையில் வைப்பது தவறு. வயிற்றுப்பாட்டுக்கு இசையை நம்பாததால்தான் கூட்டம் குறைந்த வருஷங்களிலும் அவர்களால் வாசிக்க முடிந்தது, நகரத்துக்கு ஓடாமல் ஊரிலேயே இருக்க முடிந்தது, கல்யாணத்துக்கும் தேவாலயத் திருவிழாவுக்கும் கூப்பிட்ட நேரத்தில் போக முடிந்தது. பக்கோல்ட்ஸ் ஊரில் அண்ணன் தம்பிகள் 1953இல் தொடங்கிய விராசல் போல்கா பாண்டு 2008 வரை, ஐம்பத்தைந்து வருஷம் மேடையில் இருந்தது. முழுநேரமும் இசையையே நம்பிய எத்தனை பாண்டுகள் அவ்வளவு காலம் தாக்குப்பிடித்திருக்கின்றன?

குடும்பஸ்தர் என்ற சொல்லுக்குள் மறைந்துபோகிற ஒருவரையும் இங்கே வெளியே கொண்டுவர வேண்டும், அவர் மனைவி. சனிக்கிழமை ராத்திரி கணவன் மேடையிலிருந்து இறங்கி வீடு சேர ஒரு மணி, இரண்டு மணி. ஞாயிறு காலை பூசைக்குப் பிள்ளைகளைக் கிளப்புவது, மாட்டைப் பார்ப்பது, பாண்டின் சட்டைகளை ஒரே மாதிரி தைத்து இஸ்திரி போடுவது, வாசலில் நுழைவுச்சீட்டுக் கிழிப்பது, திருவிழாவுக்கு நூற்றுக்கணக்கில் கொலாச் என்ற இனிப்பு ரொட்டி சுடுவது எல்லாம் பெண்கள்தான். பாண்டின் பெயரில் அவர்கள் இல்லை. ஐம்பது வருஷம் வாசித்தார் என்று ஒருவரைப் பற்றி எழுதினால் அந்த ஐம்பது வருஷத்தையும் சாத்தியமாக்கியவர் பெயர் அடுத்த வரியிலாவது வர வேண்டும்.

டெக்சாஸ் செக் பாணிக்கென்று தனி நடை இருக்கிறது. சிகாகோவின் போலந்துப் பாணியோ, கிளீவ்லாந்தின் ஸ்லோவேனியப் பாணியோ போல அது துள்ளிக் குதிக்காது. கொஞ்சம் நிதானம், டியூபாவோ பேஸ் கிட்டாரோ தரையில் கால் ஊன்றி நடக்கிற மாதிரி தாளம், மேலே இரண்டு சாக்ஸபோனோ டிரம்பெட்டோ சேர்ந்தே பாடும் மெட்டு. ஆடுகிறவர்களில் எண்பது வயதுக்காரரும் இருக்கிறார் என்பதை மனதில் வைத்து வாசிக்கும் இசை. பாட்டின் விஷயங்களும் அப்படித்தான், விட்டுவந்த கிராமம், அம்மா, படைக்குப் போகும் காதலன், பூ, பீர். தேவாலயத்துக்குள்ளேயும் அது போனது, போல்கா மெட்டுகளில் பூசைப் பாடல்கள் பாடும் வழக்கம் அங்கே இன்றும் இருக்கிறது.

பிறகு ஏன் தேய்ந்தது? போரிலிருந்து திரும்பியவர்கள் பிள்ளைகளை வளர்த்த விதத்திலேயே அதற்கான விதை இருந்தது. பள்ளியில் ஆங்கிலம் தெரியாமல் திணறியதையும் படைமுகாமில் உச்சரிப்புக்காகக் கேலிக்கு ஆளானதையும் நினைத்து, பிள்ளைகளுக்கு அந்தக் கஷ்டம் வேண்டாம் என்று வீட்டிலும் ஆங்கிலமே பேசினார்கள். பாட்டின் சொற்கள் தெரியும், பொருள் பாதி தெரியாது என்ற நிலைக்குப் பேரப்பிள்ளைகள் வந்தார்கள். ஆங்கிலப் பள்ளிச் சட்டத்தால் முழுதாகச் செய்ய முடியாததை அன்பான அப்பா அம்மாக்கள் செய்து முடித்தார்கள். பருத்தி பறிக்க இயந்திரம் வந்ததும் பெரிய குடும்பம் தேவையில்லாமல் போனது. படைவீரர்களுக்கான அரசின் கல்வி உதவியும் வீட்டுக்கடனும் ஹூஸ்டனிலும் ஆஸ்டினிலும் வாழ்க்கை அமைத்துக்கொள்ள வழி செய்தன. நெடுஞ்சாலை வந்தது, தொலைக்காட்சி வந்தது, சனிக்கிழமைக்கு வேறு வேலைகள் வந்தன. இதில் யாரையும் குறை சொல்ல முடியாது. பிள்ளைகள் நன்றாக இருக்க வேண்டும் என்றுதானே அந்தக் கடிதங்களைப் படித்துவிட்டு முன்னோர் கப்பலேறினார்கள்.

1989க்குப் பிறகு ஒரு திருப்பம். எல்லை திறந்ததும் டெக்சாஸ்காரர்கள் மொராவியாவுக்குப் போய் நூறு வருஷம் முன்பு பிரிந்த உறவுகளைத் தேடிப்பிடித்தார்கள். அங்கிருந்து இங்கே வந்த இளைஞர்களோ, சொந்த ஊரிலேயே வழக்கொழிந்துவிட்ட பேச்சையும் பாட்டையும் டெக்சாஸ் முதியவர்களிடம் கேட்டு ஆச்சரியப்பட்டார்கள். மொழி அறிஞர்கள் ஒலிப்பதிவுக் கருவியோடு வீடு வீடாகப் போய் அந்தப் பேச்சைப் பதிவுசெய்யத் தொடங்கினார்கள். பதிவு செய்யப்பட்டவர்களில் பலர் இப்போது இல்லை.

இன்றைக்கு வாராந்தர நடனம் குறைந்து, வருஷாந்தரத் திருவிழா கூடியிருக்கிறது. எனிஸ் நகரத்தில் 1960களிலிருந்து தேசிய போல்கா விழா நடக்கிறது, போரில் இறந்தவர்களை நினைவுகூரும் மே மாதக் கடைசி வார இறுதியில். வெஸ்ட் என்ற ஊரில் 1976 முதல் செப்டம்பர் தொடக்கத்தில் ஒரு பெருவிழா. பிராஹாவில் ஆகஸ்ட் 15 மாதா திருநாளுக்குச் சிதறிப்போன குடும்பங்கள் எல்லாம் திரும்பி வருகின்றன. ஷூலன்பர்க்கில் போல்காவுக்கென்றே ஓர் அருங்காட்சியகம் இருக்கிறது. இளம் பாண்டுகளும் இருக்கின்றன, அவற்றில் சிலவற்றில் வாசிப்பவர்கள் பழைய பாண்டுக்காரர்களின் பேரன் பேத்திகள். இணையத்திலும் இசைத்தட்டிலும் மெட்டுகளைக் கற்றுக்கொள்ள அவர்களால் முடிகிறது. அவர்களுக்குக் கிடைக்காதது மாதத்துக்கு நான்கு முறை தவறாமல் கூப்பிடும் மண்டபம். ஆகவே இந்த இசை நீடிக்க வேண்டும் என்று விரும்புகிறவர்கள், விழா மேடைக்குச் செலவழிக்கும் பணத்தில் ஒரு பங்கையாவது பாழடைந்துகொண்டிருக்கும் கிராமத்து நடன மண்டபங்களின் கூரைக்கும் தரைக்கும் செலவழிக்க வேண்டும்.